நீ பார்க்கிறதைச் சொல்லு

கதையைச் சொல்லிவிட்டால் போதும், படம் பார்த்த மாதிரிதான் என்று சீயோன்மணிக்கு முதன்முதலில் சொன்னது நேசபாய் டீச்சர். தொண்ணூற்று மூன்றாம் வருஷம், உயிர்த்தெழுந்த பண்டிகை கழிந்த மறுவாரம், நாசரேத்தில் கோயிலுக்குப் பின்பக்கம் ஞாயிறு பள்ளிச் சாமான்களைப் போட்டு வைக்கிற அறையில் வைத்துச் சொன்னார்கள். பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது பலகையில் ஒட்டிக் காட்டுகிற துணிப் படங்களை, ஆடுகள் ஒரு கட்டு, மேகம் ஒரு கட்டு, ஆட்கள் ஒரு கட்டு என்று பிரித்து ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டே, இதெல்லாம் வாண்டுகளை அசையாமல் உட்கார வைக்கத்தான் சீயோன், உள்ளே போகிறது கதைதான், உன் ஆசீருக்குக் கதையைச் சொல்லு, அவனுக்கு ஒரு குறையும் வராது என்றார்கள். ஆறு வயசில் மூளைக்காய்ச்சல் கண்டு ஆசீருக்குப் பார்வை போய் அப்போது எட்டு மாசம். அந்த வார்த்தையை அவள் முப்பத்திரண்டு வருஷமாய்ப் பிடித்துக்கொண்டிருந்தாள். டவுனில் ஓடின படமெல்லாம் அவள் வாய் வழியாகத்தான் அவன் காதுக்குப் போனது. அவளுக்குத் தெரிந்தது ஞாயிறு பள்ளிக் கதை சொல்கிற முறை ஒன்றுதான், அதில் கடைசியில் ஒரு நல்லது நடந்தே தீர வேண்டும், அது நடக்காமல் ஜெபம் பண்ணி வகுப்பை முடிக்க முடியாது. அதனால் சினிமாவில் கெட்டவன் மாடியிலிருந்து விழுந்தால் இவள் சொல்லும் கதையில் அவன் எழுந்து வந்து மன்னிப்புக் கேட்பான். ஏம்மா அப்படிக் கத்துறான் என்று ஆசீர் கேட்டால், மனசு உடைஞ்சு கத்துறான் ராசா, பாவமெல்லாம் வெளியே போகுதுல்லா என்பாள். காசநோய்க்காரத் தாய் பிழைத்துக்கொள்வாள். சுடப்பட்ட நண்பன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விடுவான். பிள்ளைக்குச் சாவைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா, அவன் பார்த்த சாவு போதாதா, கண்ணே செத்துப் போயிற்றே என்று நினைத்துத்தான் செய்தாள். பொய் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் ராத்திரி ஜெபத்தில் சொல்லியிருப்பாள், சின்னப் பொய்யைக்கூட அவள் அங்கே சொல்லாமல் விட்டதில்லை. பிறகு அவன் மதுரையில் காலேஜுக்குப் போனான், ஹாஸ்டலில் பையன்கள் ஏதோ பழைய படத்தைப் பற்றிப் பேசும்போது, கடைசியில் அவன் திருந்திருவான்ல என்று இவன் சொல்ல, ஒரு அறை முழுக்கச் சிரித்திருக்கிறது. அதற்கப்புறம் ஒவ்வொரு படமாய்க் கேட்டிருக்கிறார்கள், இதுல அவன் என்ன ஆனான் ஆசீர், இதுல அவ என்ன ஆனா. ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்தவன், அவள் முந்திரிக்கொத்துப் பலகாரத்துக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு நேராக வந்து நின்று, எம்மா, எத்தனை படத்துல மாத்துன என்று கேட்டான். எல்லாத்துலயும் கொஞ்சம் என்று சொன்னாள். அவன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் அவளோடு ஒரு படத்துக்கும் வரவில்லை.

இப்போது வந்திருக்கிறான். திருநெல்வேலியில் இந்தப் பெரிய தியேட்டரில், சனிக்கிழமை பகல் காட்சியில், பல் டாக்டர் நாற்காலி மாதிரி பின்னால் சாய்கிற இருக்கையில் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறான், மடக்கின கம்பு மடியில் கிடக்கிறது, காலேஜில் சரித்திரம் சொல்லிக் கொடுக்கிற முப்பத்தொன்பது வயசு மனுஷன், தாடியில் அங்கங்கே நரை, இந்த நரை எப்போது வந்தது, ஆண்டவரே, நான் பார்க்கவே இல்லையே. வியாழக்கிழமை போன் பண்ணினான். அந்தரக்கடல் என்று ஒரு படம் வந்திருக்கு, ஆகாயம், கிரகம், ராக்கெட் எல்லாம் வருகிற படம், ஊரே அதைத்தான் பேசுகிறது, நீ வரணும் என்றான். சும்மா கூப்பிடவில்லை. கூட வேலை பார்க்கிற சற்குணத்தைக் கூட்டிக்கொண்டு போன வாரமே ஒரு தடவை போயிருக்கிறான், அந்த மனுஷன் மூன்று மணி நேரத்தில் செமடா, யப்பா, வேற மாதிரிடா என்ற மூன்றைத் தவிர ஒன்றும் சொல்லவில்லையாம். அவனுக்குக் கண்ணு இருக்கு, வாய் இல்லம்மா, உனக்கு வாய் உண்டுல்லா என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நம்பித்தான் அவள் பஸ் ஏறினாள். விளக்கு அணைந்தது. கோயில் சுவர் அத்தனை அகலத்துக்குத் திரை வெளிச்சமாயிற்று. அவள் பழைய நாள் மாதிரியே அவன் காதுப் பக்கம் சாய்ந்து, பழைய நாள் மாதிரியே ஆரம்பித்தாள், ஒரு பொம்பளைப் பிள்ளை, அவளுக்கு அப்பா மட்டும்தான் போல, அம்மா இல்ல, அந்த அப்பா... அவன் கையை லேசாகத் தூக்கினான். "கதை எனக்குக் கேக்குதும்மா. காது இருக்குல்லா. நீ பார்க்கிறதைச் சொல்லு." நீ பார்க்கிறதை. அவள் திரையைப் பார்த்தாள். என்ன பார்க்கிறாள்? இருட்டு, இருட்டில் ஏதோ நகர்கிறது. பெரிய கப்பல் ஒண்ணு வருதுய்யா. எவ்வளவு பெருசு? ரொம்பப் பெருசு. அவன் காத்திருந்தான். சற்குணத்துக்கும் இப்படித்தான் காத்திருந்திருப்பான். போன வருஷம் அவளுக்குக் கண்புரை எடுத்தார்கள், கட்டைப் பிரித்த அன்றைக்கு வாசலில் காய்ந்த நீலக் கைலி கண்ணைக் குத்துகிற நீலமாய் இருந்தது, இந்த நீலம் இத்தனை வருஷமாய் இங்கேதான் இருந்ததா என்று நின்றுவிட்டாள், அடுத்த நிமிஷமே நினைத்தாள், எனக்குக் கொடுத்ததை அவனுக்குக் கொடுத்திருக்கலாமே ஆண்டவரே, கிழவிக்கு எதற்கு இத்தனை நீலம். இப்போது அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள், அது எல்லாவற்றையும் வாங்குகிறது, வாய்க்கு ஒன்றும் வரவில்லை. அறுபத்து மூன்று வயசு வரைக்கும் அவள் ஒரு படத்தையும் படமாய்ப் பார்த்ததில்லை. எந்தப் படத்தைப் பார்த்தாலும் யார் நல்லவன், யார் அழுகிறாள், இது எங்கே போய் முடியும் என்றுதான் கண் ஓடும். மேகம் ஒரு கட்டு, ஆட்கள் ஒரு கட்டு. மேகக் கட்டை அவள் பிரித்ததே கிடையாது. கப்பல் இன்னும் போய்க்கொண்டிருந்தது. ஆண்டவரே, வார்த்தையைத் தாரும். இவன் இன்னொரு தடவை கூப்பிட மாட்டான். இன்றைக்கும் ரொம்பப் பெருசு, ரொம்ப அழகு என்று சொல்லி அனுப்பினால் இவன் சிரித்துக்கொண்டே என்னை பஸ் ஏற்றிவிடுவான், அப்புறம் கிறிஸ்துமஸுக்கும் உயிர்த்தெழுந்த பண்டிகைக்கும் நலமா என்று கேட்பான், அவ்வளவுதான். எவ்வளவு பெருசு, எவ்வளவு பெருசு, இவன் எதைத்தான் பெருசாய்ப் பார்த்திருக்கிறான், ஆறு வயசுக்குள். ஆறு வயசுக்குள்.

"ஏய்யா, உன்னைத் தூத்துக்குடியில கப்பல் காட்டக் கூட்டிட்டுப் போனோமே." அவன் தலை திரும்பியது. கட்டடம்னு சொல்லி அழுதியே, அது நகரவும் கட்டடம் போகுதுன்னு எங்கழுத்தைக் கட்டிக்கிட்டியே. ஆமா, அடியில சிவப்பாத் துரு இருந்துச்சு, என்றான். அது எனக்கே ஞாபகமில்லை, இவன் வைத்திருக்கிறான். ஆமாய்யா, அந்தத் துருவுக்கு அடியில நாம நிக்கோம், அது நம்ம தலைக்கு மேல போகுது, வயிறு மட்டும் தெரியுது, இன்னும் முடியல. இன்னும் போகுது. இன்னும் முடியல. வால் வரும் வரும்னு பாக்கேன், வரல. இன்னும் முடியல. அவன் கழுத்து தன்னால் பின்னுக்குச் சாய்ந்து முகம் மேலே போனதை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். ஓ என்றான். அத்தனைதான். சற்குணத்துக்கு அந்த ஓ கிடைத்திருக்காது. அவளுக்கு உடம்பெல்லாம் சூடு ஏறியது, அத்தனை ஏசியிலும். ஒரு சாவி கிடைத்த மாதிரி இருந்தது. அவன் பார்த்த ஆறு வருஷம், அது ஒரு பீரோ, அதில் என்னென்ன இருக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும், சற்குணத்துக்குத் தெரியாது, அவன் பெண்டாட்டிக்குத் தெரியாது, இந்தப் படத்தை எடுத்தவர்களுக்கும் தெரியாது, ஒவ்வொன்றையும் அவனுக்குக் கை நீட்டிக் காட்டினவள் அவள்தானே. செல்போன் என்று சொல்லக் கூடாது, அவன் பார்த்ததில்லை. மேம்பாலம் கூடாது. பெட்ரோமாக்ஸ் சொல்லலாம். மண்ணெண்ணெய் சிந்தின தண்ணீரில் ஓடுகிற நிறம் சொல்லலாம். திரையில் ஒரு கிரகம் வந்தது, அதைச் சுற்றி வளையம், வளையத்துக்குள் கப்பல் நுழைய அது வளையம் இல்லை, கோடி கோடியாய்ப் பனிக்கட்டி. பஸ்ஸுல உப்பளம் பார்ப்பியேய்யா, வெயில்ல குமிச்சு வச்சிருப்பாங்களே, கண்ணு கூசுதும்பியே, அந்த உப்பை எல்லாம் ஒருத்தர் வாரி வீசிட்டாரு, அது கீழே விழாம அப்படியே நிக்குது, நாம அதுக்குள்ள போறோம், மூக்குக்கு முன்னால ஒரு கல்லு, வீட்டு அளவு, மெதுவாத் திரும்புது, அதோட மறுபக்கம் நிழல்ல கருநீலம். வாய்விட்டுப் பேசுகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. முன் வரிசையில் ஒரு பெண்பிள்ளையோடு உட்கார்ந்திருந்த தாடிக்காரத் தம்பி திரும்பி, ஆன்ட்டி, ப்ளீஸ், கொஞ்சம் பேசாமப் பாருங்களேன் என்றான். அவளுக்கு முகம் செத்துவிட்டது. கோயிலில் இருமல் வந்தால்கூட வெளியே எழுந்து போகிறவள். கல்யாண வீட்டில் குழம்பு இன்னொரு கரண்டி கேட்க மாட்டாள். அறுபத்து மூன்று வருஷத்தில் ஒருத்தரும் திரும்பிப் பார்த்துப் பேசாதே என்று அவளைச் சொன்னதில்லை, சொல்லும்படி அவள் வைத்துக்கொண்டதில்லை. முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள். இருட்டில் அவன் குரல் மட்டும் வந்தது, சொல்லும்மா. குரலைத் தாழ்த்திக்கொண்டு அவன் காதில் உதடு படுகிற அளவுக்குச் சாய்ந்து தொடர்ந்தாள். இடுப்பு வலித்தது. வலிக்கட்டும். அப்போது ஆகாயத்தில் ஒரு பக்கம் முழுக்க ரோஸ் நிறம் விரிந்தது, புகையும் இல்லை, மேகமும் இல்லை, விரிந்துகொண்டே இருந்தது, இதற்கு என்ன சொல்வாள், பீரோவில் இதற்கு என்ன இருக்கிறது, இருந்தது, அது இருந்த தட்டுக்குப் போன கை பாதியில் நின்றது. சந்தையில் சாயம் போட்ட கோழிக்குஞ்சு விற்பார்கள், ரோஸ், பச்சை, அழுகிறவனுக்கு ஒரு ரோஸ் குஞ்சு வாங்கிக் கொடுத்தாள், அவன் அதைக் குளிப்பாட்டுகிறேன் என்று வெள்ளைச் சட்டியில் முக்கினான். அதைச் சொல்லாமல் விடலாமா. விட்டால் இந்த நிறத்துக்கு வேறு வழி இல்லை. சொன்னாள். குஞ்சைத் தண்ணில முக்குனியே, சாயம் கழண்டு சட்டி பூரா ஓடுச்சே, சுருள் சுருளா, கையால தொட்டா விலகி விலகிப் போச்சே, அதுதான்யா, ஆகாயம் அளவு சட்டி. அவன் ரொம்ப நேரம் அதற்குள்ளேயே இருந்தான். பிறகு, அந்தக் குஞ்சு அப்புறம் எங்கம்மா போச்சு என்றான். அன்றைக்குச் சொன்னது அவளுக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருந்தது. அதோட அம்மாகிட்டப் போயிருச்சு. அதே வார்த்தை இப்போதும் தொண்டை வரை வந்து நின்றது, பழகின மாடு கொட்டிலுக்கு வருகிற மாதிரி. "செத்துப் போச்சுய்யா. குளிர் தாங்கல. கொய்யா மரத்தடியில நான்தான் புதைச்சேன்." தெரியும் என்றான். கோபமே இல்லாத தெரியும்.

இடைவேளையில் விளக்கு எரிந்ததும் முன் வரிசைத் தம்பி எழுந்து திரும்பினான், மடியில் கிடந்த கம்பைப் பார்த்தான், பார்த்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான். சாரிண்ணே என்றான். ஆசீருக்கு இந்த மாதிரி நேரத்தில் எதிராளியைக் கூச்சப்படவிடாமல் பேசுகிற பழக்கம் உண்டு, வகுப்பில் வந்த பழக்கமாய் இருக்கும், படம் எப்படி தம்பி என்று கேட்டான். கதைன்னு பார்த்தா ஒண்ணும் இல்லண்ணே, ஏற்கெனவே கேட்டதுதான், ஆனா விஷுவல் எல்லாம் வேற லெவல் என்றான் தம்பி. "அந்த லெவல் எப்படி இருக்கும்னு பார்க்கத்தான் எங்கம்மாவைக் கூட்டிட்டு வந்திருக்கேன்." தம்பி கூட வந்த பெண் சிரித்துவிட்டாள். கதை ஒன்றும் இல்லையாமே. ஏசிக் குளிரில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சீயோன்மணி அதையே யோசித்தாள். கதை இல்லாத படத்துக்கு எதற்கு இந்தக் கூட்டம், பிள்ளைகள் எதற்கு விசில் அடிக்கிறார்கள். நேசபாய் டீச்சர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள், உள்ளே என்ன போச்சு சீயோன், ஒழுக்கப்பாடம் என்ன என்று கேட்டிருப்பார்கள். உள்ளே உப்பு போயிருக்கிறது டீச்சர். கருநீல நிழல் போயிருக்கிறது. முப்பத்து மூன்று வருஷமாய் இருட்டில் இருந்த பிள்ளைக்குள் ஒரு ரோஸ் நிறம் போயிருக்கிறது, அதுக்கு என்ன பாடம் என்று எனக்குத் தெரியாது. டீச்சரை எதிர்த்துப் பேசுகிறோமே என்று பயமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, பெருமை பாவம்தான், ராத்திரி சொல்லிக்கொள்ளலாம்.

இரண்டாவது பாதியில் அவளுக்கு நாக்கு ஓடின வேகம் அவளுக்கே பிடிபடவில்லை. திரையில் ஒரு ஊர் தலைகீழாய்த் தொங்கியது, அதை ஒரே மூச்சில் சொன்னாள், கிணத்துக்குள்ள எட்டிப் பார்த்தா நம்ம மூஞ்சியும் பின்னால தென்னை மரமும் கீழே தொங்குமே, அதுக்குள்ள ஜனங்க நடக்காங்க, குடை பிடிச்சிருக்காங்க என்று. சமுத்திரம் தரையை விட்டு எழும்பியது, தியேட்டரே ஹோ என்றது, அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அவளுக்குச் சேம்பு இலை வந்துவிட்டது, கிணற்றடியில் இலையை ஆட்டி ஆட்டித் தண்ணீரை உருட்டுவான், அந்த உருண்டை, ஒவ்வொன்றும் ஏரி அளவு, உள்ளே மீன் சுற்றிச் சுற்றி வருகிறது, ஒரு உருண்டை இன்னொன்றில் முட்டவும் ரெண்டும் ஒண்ணாயிருச்சு, அந்த மீனு இங்க வந்துருச்சு. யாரோ ஒரு பொம்பளை அழுதாள், அவள் யாரு, எதுக்கு அழுகிறாள், அதை இவன் காது பார்த்துக்கொள்ளும், அவள் கண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் என் வேலை, கண்ணீர் கன்னத்துல இறங்கலய்யா, கண்ணுலேயே முட்டை மாதிரி நிக்குது. அப்புறம் அது வந்தது. அந்த அப்பாவும் மகளும் கப்பலுக்கு வெளியே ஒற்றைக் கயிற்றில் தொங்கினார்கள், ஏதோ வெடித்தது, அந்த வெடியோடு படத்தில் சத்தம் எல்லாம் அறுந்துபோயிற்று. பாட்டு இல்லை, பேச்சு இல்லை, மூச்சு இல்லை. ஆகாயத்தில் சத்தம் கிடையாதாம், அதனால் படத்திலும் இல்லை. நானூறு பேர் இருக்கிற இடத்தில் பொரி மெல்லுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. ஆசீர் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் முகத்தை அவள் அப்படி ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள், காய்ச்சல் இறங்கின காலையில், விளக்கைப் போடும்மா என்று அவன் சொன்ன காலையில், விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. இந்த இடத்தில் எல்லாருக்கும் காது போய்விட்டது, கண் இருக்கிறது. இவனுக்கு ஒன்றும் இல்லை. போன வாரம் இந்த இடத்தில் சற்குணம் என்ன சொல்லியிருப்பான், ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான், வாயைப் பிளந்துகொண்டு இருந்திருப்பான், இவன் இந்தக் குழிக்குள் தனியாய் உட்கார்ந்திருந்திருப்பான். இதற்காகத்தான் கூப்பிட்டிருக்கிறான். பேசு. எப்படிப் பேச, ஊசி விழுந்தால் கேட்கும், காதோரம் முணுமுணுத்தாலும் கடைசி வரிசை வரை போகும், அந்தத் தம்பி இருக்கிறான், எல்லாரும் திரும்புவார்கள். திரும்பட்டும். ஆண்டவரே, திரும்பட்டும். வாயைத் திறந்தாள், தன் குரல் அத்தனை பெரியதாய் அவளுக்கே கேட்டது. "ஒரே ஒரு கயிறு. அப்பா மேலே, மக கீழே. கயிறு நடுவுல பிரிஞ்சு பிரிஞ்சு வருது, சாக்கு நூல் மாதிரி, ஒவ்வொரு இழையா." முன்னால் தாடி திரும்பியது, ஒரு நொடி, மறுபடி திரைப் பக்கமே போய்விட்டது. ரெண்டு பேரையும் அது தாங்காது. அவன் அதைப் பாக்கான். கையுறை வெள்ளை. கயித்துல இருந்து ஒரு விரலை எடுக்கான். அவளுக்கு இப்போது தெரிந்தது, அடுத்து என்ன என்று. அந்தப் பழைய இடம் இதுதான், இந்த இடத்தில்தான் அவள் ஒவ்வொரு தடவையும் உள்ளே புகுந்து ஆளைத் தூக்கி நிறுத்தியிருக்கிறாள், இந்த மனுஷனையும் நிறுத்திவிடலாம், சத்தம்கூட இல்லை, அவள் சொன்னதுதான் நடந்தது என்று ஆகும், இன்னொரு கப்பல் வந்து பிடித்துக்கொண்டது என்று ஒரு வார்த்தை போதும். ரெண்டாவது விரல். நாலாவது. உள்ளங்கை திறக்குது. விட்டுட்டான்யா. கையை விட்டுட்டான். பின்னாலயே போறான். முகத்துல கண்ணாடி, கண்ணாடிக்குள்ள அந்த உப்பு வளையம் பூரா தெரியுது, அதுக்குப் பின்னால அவன் கண்ணு, மூடல, மகளையே பாக்கான். சின்னதாப் போறான். கொய்யாப்பழம் அளவு. மிளகு அளவு. இன்னும் தெரியுது. இன்னும் தெரியுது. கண்ணைச் சுருக்கிப் பாக்கேன், இன்னும் தெரியுது. இப்ப இல்ல. எங்கோ தூரத்தில் ஒற்றை வயலின் மெதுவாய்த் திரும்பி வந்தது, ஜனங்கள் மூச்சு விட்டார்கள், பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஆசீர் அவள் பக்கம் குனிந்தான். அப்ப செத்துட்டான். செத்துட்டான்யா. "மனந்திரும்பலையா?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், இல்ல, நேரம் இல்ல. அவன் சிரித்தான். இருட்டில் பல் தெரியச் சிரித்தான், தோள் குலுங்கியது, அவளுக்கும் அடக்க முடியவில்லை, அப்பா செத்த இடத்தில் ஒரு தாயும் மகனும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், பத்தொன்பது வருஷம் முந்திரிக்கொத்து மாவு கையில் காய்ந்து ஒட்டினபடியே இருந்த மாதிரி இருந்தது, அது உதிர்ந்துகொண்டிருந்தது.

படம் முடிந்து எழுத்து ஓட ஆரம்பித்தும் அவன் எழுந்திருக்கவில்லை. எழுத்தும் வேணுமா என்று கேட்டாள். நிறமா இருக்கா என்றான். இல்லய்யா, கறுப்புல வெள்ளை, கீழேருந்து மேலே போகுது, எறும்பு சாரை மாதிரி, அவ்வளவு பேரு வேலை பார்த்திருக்காங்க. அவ்வளவு பேரா என்றான். அவ்வளவு பேரு, இன்னும் முடியல. அவள் அந்தச் சாரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். யார் பெற்ற பிள்ளைகளோ, உப்பையும் சாயத்தையும் சமுத்திரத்தையும் உட்கார்ந்து உட்கார்ந்து உண்டாக்கியிருக்கிறார்கள், கதை இல்லை என்று ஊர் சொல்லிவிட்டுப் போகிறது, பாவம், அத்தனை பேருக்கும் நல்ல சுகத்தையும் சமாதானத்தையும் கொடும் என்று வேண்டிக்கொண்டாள், அத்தனை பேர் செய்ததையும் அவள் ஒற்றை வாயால் தூக்கிக்கொண்டு வந்து இந்தக் காதில் சேர்த்திருக்கிறாள், ஒன்று சிந்தவில்லை. முன் வரிசைத் தம்பி போகிறபோது அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனான். ஆசீர் கம்பை விரித்தான், அவள் முழங்கையைப் பிடித்தான், படி இறங்கும்போது அவனே பேசிக்கொண்டு வந்தான், அந்த ரோஸ் நிறத்துக்குள் கப்பல் போகும்போது நிழல் எந்தப் பக்கம் விழுந்தது, கண்ணீர் முட்டை கடைசியில் உடைந்ததா, கண்ணாடியில் தெரிந்த வளையம் நேராய்த் தெரிந்ததா வளைந்து தெரிந்ததா என்று கேட்டுக்கொண்டே வந்தான், ஆறு வயசில் கேட்ட மாதிரி விடாமல் கேட்டான், அவளும் ஒவ்வொன்றுக்கும் சொன்னாள், எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. வெளியே வந்தபோது நாலரை மணி வெயில் கண்ணைக் கூச வைத்தது. அடுத்த மாசம் இன்னொண்ணு வருதாம்மா, காட்டு மிருகம் எல்லாம் வர்ற படம், மறுபடி உன்னை வரச் சொல்லுவேன் என்றான். வாரேன் என்றாள். ரோட்டைக் கடக்க நின்ற இடத்தில்தான் அவளுக்கு உறைத்தது, இத்தனை சொன்னோமே, அந்த மனுஷன் எதுக்குச் செத்தான், அவர்கள் எதுக்கு அத்தனை தூரம் போனார்கள், அழுத பொம்பளை யாரு, ஒன்றுமே தெரியாது. படத்துப் பேச்சு எல்லாம் அவள் பேச்சுக்குக் கீழே போய்விட்டது. அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏய்யா, எனக்கு ஒண்ணும் விளங்கல. பஸ் வர்றதுக்குள்ள அந்தக் கதையை எனக்குச் சொல்லு."